பிரிவு 40 அப்படிச் சொல்லவில்லை
"அடிக்கிற போலீஸை 43வது பிரிவுப்படி நாமே கைது பண்ணி அடைச்சு வைக்கலாம்" என்பதை நம்பி யாரும் இறங்கிவிடாதீர்கள், கம்பி எண்ணப்போவது நீங்கள்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 40 ஆகிவிட்டது. தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவரை விட்டால், கண்ணெதிரே நடக்கிற, வாரன்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். யாரிடம்? அதே போலீஸிடம்!

கோபம் நியாயம்தான். ஆனால் 2025இல் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோது, விஷயத்தைப் பூசி மெழுக முடியாமல் செய்தது ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ. அடிப்பதைப் பார்த்தால் போனை எடுங்கள். ஸ்டேஷனில் வழக்குப் பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுதுங்கள்; அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம்.