ஏழு நிமிசத்துல எந்தச் சாமி வரும்?

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர் உட்கார்ந்தே போய், சனிக்கிழமை காலையில் திருநெல்வேலியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து விழா நடக்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு நாள் நாட்டுப்புற இசை விழா. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், பறை என்று அழைப்பிதழில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து மூன்று வாரம் இந்தச் சனி ஞாயிறுக்காகவே காத்துக் கிடந்தேன்.

வில்லுப்பாட்டுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம்.

திரும்பி வந்து மூன்று நாளாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு விழா என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது ஏழே முக்கால். அதுவரை கலைஞர்கள் ஒப்பனையோடும் வாத்தியத்தோடும் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள். முதல் இரண்டு வரிசை நாற்காலியும் காலி. ‘வி.ஐ.பி.’ என்று தாள் ஒட்டி வைத்திருந்ததால் ஒருவரும் உட்காரத் துணியவில்லை. பிறகு குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்துரைக்கு மட்டும் ஆறு பேர். ஆளாளுக்குப் பொன்னாடை, பொன்னாடைக்கு ஒரு போட்டோ, போட்டோ சரியாக விழவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுபடியும் போர்த்தினார்கள். பேசிய அத்தனை பேரும் நாட்டுப்புறக் கலை அழிந்துகொண்டிருக்கிறது என்றுதான் பேசினார்கள். அந்தக் கலையைச் சுமந்து வந்தவர்கள் பத்தடி தள்ளிக் கால்கடுக்க நிற்பது அவர்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒன்பதரை வரை பேச்சு ஓடியது.

பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும் என்பது மேடை போடுகிற எல்லோருக்கும் தெரிந்த விதி. தெரிந்தேதான் மூன்றரை மணி நேரத்தைத் தின்றார்கள். மிச்சம் இருந்த அரை மணியை நான்கு குழுவுக்குப் பங்கு போட்டார்கள்.

வில்லுப்பாட்டுக்கென்று ஒரு வரிசை உண்டு. சாமியை வேண்டிக் காப்பு பாடித் தொடங்க வேண்டும். இன்ன கதை பாடப்போகிறோம் என்று வருபொருள் உரைக்க வேண்டும். குருவை வணங்க வேண்டும். அடுத்தது அவையடக்கம்: எங்கள் பாட்டில் குற்றம் குறை இருந்தால் சபையில் உள்ள பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது. அதற்கப்புறம்தான் கதை நடக்கிற நாட்டின் சிறப்பைப் பாடும் நாட்டுவளம். அதையும் தாண்டித்தான் கதை. அன்றைக்கு அந்தக் குழு எடுத்தது முத்துப்பட்டன் கதை. தலைமைப் பாடகி அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. வில்லை அடிக்கிற வீசுகோலை இரண்டு கையிலும் பிடித்து முதல் அடி வைத்தார். வில்லில் கட்டிய மணிகள் மொத்தமாகக் குலுங்கிய அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ராத்திரிப் பயண அலுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அவையடக்கம் பாதியில் இருக்கும்போது தொகுப்பாளர் மைக்கோடு மேடையேறிவிட்டார். “அருமை, அருமை! எல்லாரும் பலமா ஒரு கைதட்டு கொடுங்க!” பாட்டு நின்றது. ஒரு பெரிய மனுஷி சபையைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வரியைக்கூட முடிக்க விடாமல் இறக்கிவிடுகிறார்கள். கதையின் நாயகிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் வரவில்லை. முத்துப்பட்டனே வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த ஏழு நிமிடத்தையாவது ஒழுங்காகக் கேட்க விட்டார்களா? மொத்தக் குழுவுக்கும் ஒரே மைக், அதுவும் பாடகியின் வாய்க்கு நேராக. வில்லைத் தாங்குகிற குடத்தின் வாயில் மட்டையால் அடித்து எழுப்புகிற ‘பும்’ என்ற ஓசைதான் அந்த இசைக்கு அடித்தளம். அது மூன்றாவது வரிசைக்குக்கூட வரவில்லை. உடுக்கை கேட்கவில்லை. பின்பாட்டுக்காரர் வாயசைப்பதைப் பார்த்துத்தான் “ஆமா” போடுகிறார் என்று தெரிந்துகொண்டேன். ஒலி அமைப்பாளரிடம் போய்க் குடத்துக்கு ஒரு மைக் வையுங்கள் என்று கெஞ்சினேன். “சினிமா பாட்டுக்கு செட் பண்ணது சார், நடுவுல மாத்த முடியாது” என்றார். நாட்டுப்புற இசை விழாவுக்கு வந்த ஒலிபெருக்கி சினிமாப் பாட்டுக்காகத் தயாராகி நின்றது. மறுநாள் மாலை அதற்கும் காரணம் தெரிந்தது. கூட்டத்தைப் பிடித்துவைக்கவென்று ஆர்கெஸ்ட்ரா ஏற்றினார்கள், முக்கால் மணி நேரம். அங்கே எந்தத் தொகுப்பாளரும் குறுக்கே வரவில்லை.

கணியான் கூத்துக்கு நடந்தது இதைவிட வேதனை. அந்தக் கூத்தின் உயிரே மகுடம் என்கிற இரண்டு தோல் கருவிதான். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றினால்தான் இரண்டுக்கும் உரிய குரல் கிடைக்கும். பறையும் அப்படித்தான், காய்ச்சாத பறையில் குச்சி விழுந்தால் தொப்பென்று கிடக்கும். வைக்கோல் கொளுத்தக் கூடாது, பந்தலுக்கு ஆபத்து என்று தடுத்துவிட்டார்கள். பந்தலுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் அவ்வளவு பெரிய காலி மைதானம் கிடந்தது. ஒரு மூலையை ஒதுக்கி, இரண்டு வாளித் தண்ணீரோடு ஓர் ஆளை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் செய்யாமல், தன்னார்வலராக வந்த ஒரு பையன் பறைக்காரரிடம், “அடுத்த தடவ ஃபைபர் பறை கொண்டு வந்துருங்கண்ணே, காய்ச்சுற வேலையே இல்ல” என்கிறான். பரம்பரையாக அந்தத் தோலோடு வாழ்கிறவரிடம்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகுடத்தைத் தூக்கிப் பிடித்தவர்கள் தொய்ந்த தோலிலேயே அடித்தார்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி எவ்வளவு உச்சத்தில் பாடினாலும் அடி அவரோடு சேர்ந்து ஏறவில்லை. அதைக் கேட்ட புதியவர் ஒருவர் கணியான் கூத்து என்றாலே இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விழாக் குழுவில் ஒருவரைப் பிடித்துக் கேட்டேவிட்டேன். இரண்டு பதில் சொன்னார். ஒன்று, “இவ்வளவுக்கு மேல கூட்டம் உட்காராது.” பொய். இதே மாவட்டத்தில், இதே மக்கள், கோயில் கொடை விழாவில் விடிய விடிய மண் தரையில் உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்கிறார்கள். கூட்டம் எழுந்து போனது வாழ்த்துரையின்போது. நான் கண்ணால் பார்த்தேன். இன்னொரு பதில், “எல்லாக் குழுவுக்கும் வாய்ப்புக் கொடுக்கணும்ல?” இதை என்னால் தள்ளிவிட முடியாது. கொடைக் காலம் போனால் பல குழுக்களுக்கு வருமானமே கிடையாது, கூப்பிடுகிற ஒவ்வொரு விழாவும் அவர்களுக்கு அரிசிப் பணம். அப்படியானால் எல்லோரையும் கூப்பிடுங்கள், முழுச் சம்பளம் கொடுங்கள். ஆனால் எதற்கு ஒரே மேடை? 2007இல் சென்னை சங்கமம் என்ற கலை விழா தொடங்கியபோதே ஒரே நேரத்தில் நகரத்தின் பல பூங்காக்களில், மைதானங்களில் நிகழ்ச்சி நடத்திக் காட்டினார்கள். ஒரு சிற்றூரில் நான்கு மரத்தடி கிடைக்காதா? வில்லுப்பாட்டுக்கு ஒன்று, கூத்துக்கு ஒன்று, ஆளுக்கு இரண்டு மணி நேரம். பேச்சாளர்களுக்கு வேண்டுமானால் அந்தப் பெரிய மேடையை விட்டுவிடுங்கள்.

வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ, பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. இரண்டு முறையும் சொந்த வீட்டு விசேஷம் போல மகிழ்ந்தவன் நான். விருது கொடுக்கிறோம், பூரிக்கிறோம், ஆனால் அந்த இசைக்கு முன்னால் ஒரு மணி நேரம் வாயை மூடி உட்கார நமக்கு முடியவில்லை.

ஞாயிறு ராத்திரி சான்றிதழ் வழங்கினார்கள். முடிந்த பிறகு பஸ் நிறுத்தத்தில் அந்த வில்லுப்பாட்டு அம்மாவைப் பார்த்தேன். வில்லைத் துணியில் சுற்றித் தூணில் சாய்த்து வைத்திருந்தார். வணக்கம் சொன்னேன்.

“எங்கேருந்து வாரிய தம்பி?”

“சென்னைம்மா. நீங்க பாடுறதக் கேக்கத்தான் வந்தேன்.”

“எய்யா, அம்புட்டுத் தூரத்துலருந்தா?” கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “கொடையில ராவெல்லாம் பாடுவோம். பாடப் பாடத்தான் சாமி வரும். ஏழு நிமிசத்துல எந்தச் சாமி வரும், சொல்லுங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் பையிலிருந்து சான்றிதழை எடுத்தார். பளபளப்பான தாள், மேலே விருந்தினர்களின் படம், கீழே மூன்று கையெழுத்து. பெயர் எழுதுகிற இடத்தில் வெறும் புள்ளிக்கோடு. மேடையிலும் “வில்லிசைக் குழுவினர்” என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள், இரண்டு நாளும் ஒருமுறைகூட அவர் பெயரைச் சொல்லவில்லை.

“பேனா இருக்கா தம்பி? எம் பேர எழுதித் தாங்க” என்றார்.

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தூணில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன்.