மலை தாங்கும் கணக்கும் மணலி தாங்கும் கணக்கும்

கொடைக்கானலில் தனியார் ஒருவர் நடத்தும் நலவாழ்வு முகாமுக்குப் போய்வந்தேன் என்று எழுதியதிலிருந்து, "உண்மையிலேயே பயன் இருக்கிறதா, இல்லை பணம் பிடுங்கும் வேலையா?" என்று உள்பெட்டியில் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பயன் இருக்கிறது. ஆனால், அந்தப் பயன் எங்கிருந்து வந்தது என்பதில் முகாம் நடத்துபவர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

அங்கே தரப்படும் சிகிச்சைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலையில் வெண்பூசணிச் சாறு, வயிற்றின்மேல் ஈரமண் பட்டி, இடுப்புக் குளியல், நீராவிக் குளியல், உப்புக் குறைத்த வேகவைத்த காய்கறி என்று நாள் ஓடிவிடுகிறது. உடலில் சேர்ந்த நச்சு இவற்றால் வெளியேறுகிறது என்கிறார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் கேட்காமல் செய்துவருகின்றன என்பதால் நான் அதை வாதிக்கவில்லை. மாலையில் மண்சட்டியில் வந்த கம்பங்கூழ் நன்றாகத்தான் இருந்தது. தண்டையார்பேட்டையில் தள்ளுவண்டி அக்கா அதே கூழை மோர் மிளகாயும் கருவாடும் சேர்த்து முப்பது ரூபாய்க்குக் கொடுப்பார் என்ற நினைப்பை மட்டும் அடக்க முடியவில்லை.

எனக்கு உண்மையில் குணம் தெரிந்தது மூச்சில்தான். பல ஆண்டுகளாக வீசிங் இருக்கிறது, தலையணைக்குப் பக்கத்தில் இன்ஹேலரை வைத்துக்கொண்டு தூங்குபவன் நான். மலையில் தங்கிய நாட்களில் அதை ஒருமுறைகூட எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. "பிராணவாயு நிறைந்த மலைக்காற்று, ஆழமாக இழுத்து விடுங்கள்" என்று பயிற்சியாளர் தம்பி தினமும் காலையில் சொல்வார். கணக்குப்படி பார்த்தால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. எங்கள் வடசென்னையின் திருவொற்றியூரில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அங்கே கிடைக்காமல் போகிறது. இருந்தும் நெஞ்சு லேசாக இருந்ததென்றால், அந்தக் காற்றில் கந்தக நெடியும் நிலக்கரித் தூசும் சாம்பலும் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சி வேறு விதமாகக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. இரவில் காற்று ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து திரும்பினால், சமையல் எரிவாயு கசிந்தது போன்ற நெடி வீட்டுக்குள் வரும். அம்மா முதலில் அடுப்படிக்குப் போய், விளக்கைக்கூடப் போடாமல், சிலிண்டரின் திருகு மூடியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார். மூடியிருப்பது உறுதியானதும் "கம்பெனி நாத்தம்தான்" என்று சொல்லிவிட்டுச் சன்னல்களைச் சாத்துவார், நாங்கள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணெரிச்சலோடு தெருவில் ஓடினார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது, மீனவர்கள் அதைக் குவளையாலும் வாளியாலும் மொண்டெடுத்தார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அந்தத் தம்பியிடம், காற்றே கெட்டுக்கிடக்கும் ஊரில் இந்தப் பயிற்சியை எப்படிச் செய்வது என்று கேட்டேன். ஏசி அறையில் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்துச் செய்யலாம், மனம் அமைதியானால் உடல் எதையும் தாங்கும் என்றார். அவர் கெட்டவர் அல்லர், படித்ததைச் சொன்னார். ஆனால், நோயின் காரணம் முழுவதையும் நோயாளியின் உணவிலும் தூக்கத்திலும் மனத்திலும் தேடுகிற இந்த முறைக்கு, எங்கள் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது கேள்வியாகவே தோன்றுவதில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்கள் 630, 1,200, 800 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூர் 1,500 மெகாவாட். இத்தனை நிலக்கரி எரியும் இடத்தில் குடியிருப்பவனிடம், "நீங்கள்தான் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும்" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தாங்குவது பற்றிப் பேசினால், கொடைக்கானல் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களும் சும்மா இருந்து நல்ல காற்றைப் பெற்றுவிடவில்லை. பாதரச வெப்பமானி செய்த ஆலையின் உடைந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடப்பதைக் கண்டுபிடித்துப் போராடியதால்தான் 2001இல் அந்த ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்படிக்கை 2016இல்தான் கையெழுத்தானது.

மணலிக்கும் ஒரு கணக்குப் போட்டார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மணலி மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் ஒன்றாக இடம்பெற்றது. 2010இல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தடை வந்தது, பிறகு தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. மலைக்குப் போகும் கார்களுக்கு வரம்பு வைத்தார்கள், மணலியின் புகைபோக்கிகளுக்கு வைத்த வரம்பு நிற்கவில்லை. சுற்றுலா வருபவர்கள் மூச்சுவிடும் இடமும் கூலிக்காரர்கள் மூச்சுவிடும் இடமும் அரசின் கண்ணுக்கு ஒன்றல்ல என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சரி, போகலாமா என்று கேட்டவர்களுக்கு: கையில் பணமும் விடுப்பும் இருந்தால் போய்வாருங்கள், எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மலையடிவாரத்தில் உள்ள கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். என் தெருவில் இரண்டு மாத வீட்டு வாடகைக்குச் சமமான அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாதவர்கள், அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மண் பட்டியும் நீராவிக் குளியலும் அங்கேயும் உண்டு. காற்றுக்குத்தான் அப்படி ஒரு மாற்று இடம் இல்லை. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2025 மே மாதம் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். இனி எண்ணூரிலோ மணலியிலோ எந்த ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தாலும், மலைக்கு வண்டிக் கணக்குப் போட்டதைப் போல எங்கள் பகுதி எத்தனை புகைபோக்கிகளைத் தாங்கும் என்ற கணக்கை முதலில் மேசைமேல் வையுங்கள் என்று கேட்கப் போகிறேன். கூட வருபவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.