முதல் நாவலே உச்சமா?

முதல் நாவல்கள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். எந்த எழுத்தாளருக்கும் முதல் நாவல்தான் உச்சம், பிறகு வருவதெல்லாம் அதன் நகல் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். என்னால் ஏற்க முடியவில்லை. நாவலாசிரியர் சுந்தர ராமசாமியை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 1966-இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’. தாமோதர ஆசான் என்ற கிழவர் சொல்லும் கதைகளில் ஓர் ஊரே மாறிப்போகிறது. 1981-இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனைப் படைத்து, அவனுக்கு நாட்குறிப்பும் எழுதுகிறார். அந்தக் கதைசொல்லியின் நிழலே இதில் இல்லை. 1998-இல் வந்த ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ மறுபடி வேறு, கோட்டயத்தில் ஒரு குடும்பம், நிதானமான நடை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் மூன்றே நாவல்கள். இதில் எது எதற்கு நகல்?

நான் வடசென்னையில் தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நாவல் எழுத வருவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். முதல் புத்தகத்தில் குத்துச்சண்டை, கானா, துறைமுகம், குடிசை தீப்பிடித்தது, எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, இத்தனை காலம் யாரும் சரியாகச் சொல்லாத வாழ்க்கை அது. ஆனால் பதிப்பகங்களும் விமர்சகர்களும் இரண்டாவது புத்தகத்திலும் அதே வடசென்னையைத்தான் கேட்கிறார்கள். காசிமேட்டில் பிறந்தவன் ஒரு வங்கி ஊழியரின் தனிமையை எழுதக் கூடாதா? முதல் நாவலே உச்சம் என்று எழுதும்போது இவர்களுக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது. கட்டுரையாளர் அடுத்த முறை இவர்களுடைய இரண்டாவது, மூன்றாவது நாவல்களையும் எடுத்துப் பேச வேண்டும்.