40 அடி தென்னை

(மேற்கு மாம்பலம். தனி வீட்டுக் கொல்லையில் ஒற்றைத் தென்னை. மரம் ஏறக் கூலி 40 அடிக்குள் என்றால் 150 ரூபாய், தாண்டினால் 200 என்று பேச்சு. தளைக்கயிறோடு உச்சியில் முருகேசன்; கீழே செல்போனோடு ஓய்வுபெற்ற அறிவியல் டீச்சர் சரோஜா.)

முருகேசன்: டீச்சர்! இது 40 அடி தாண்டும். 200 எடுத்து வையுங்க.

சரோஜா: அளக்காம எப்படிப்பா தர்றது? ஒரு காயை விடு. விழுற நேரத்தை அதே நேரத்தால பெருக்கி, மறுபடி 4.9ஆல பெருக்கினா உயரம் மீட்டர்ல வந்துடும்.

முருகேசன்: எந்தக் காயை விடட்டும்? நெத்து ஒன்றரை கிலோ, சர்ருனு வரும். குரும்பை 100 கிராம்தான், நிதானமா வரும்.

சரோஜா: ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்.

முருகேசன்: 15 மடங்கு கனம் டீச்சர்!

சரோஜா: பூமி இழுக்குறதும் 15 மடங்கு, அசைக்க வேண்டிய நிறையும் 15 மடங்கு. ரெண்டும் அடிபட்டுப் போச்சா? எதுவா இருந்தாலும் நொடிக்கு நொடி வேகம் 9.8 மீட்டர் கூடும். ரெண்டு கையிலயும் பிடிச்சு ஒரே நேரத்துல விடு.

முருகேசன்: ரெண்டு கையையும் விட்டா மூணாவதா நானும் ஒண்ணா வருவேன், பரவாயில்லையா?

சரோஜா: ஐயோ! ஒரே கையில ரெண்டு காம்பையும் பிடிச்சு விடு.

(தொப். ஒரே ஒரு ‘தொப்’தான் கேட்டது.)

முருகேசன்: அட, ஆமா! அப்ப இது? பன்னாடை!

சரோஜா: யாரைச் சொன்னே?

முருகேசன்: மேலேர்ந்து வர்றதைச் சொன்னேன். பாருங்க, மிதந்துகினே பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போவுது.

சரோஜா: அது காத்து பண்ற வேலை. எடை கம்மி, பரப்பு ஜாஸ்தி. நிலாவுல காத்தே கிடையாது. 1971ல அப்போலோ 15ல போன டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் அங்க ஒண்ணா விட்டார், ஒண்ணாவே விழுந்துச்சு.

முருகேசன்: அங்க தென்னை கீதா?

சரோஜா: இல்ல.

முருகேசன்: அப்ப நமக்கு எதுக்கு? நேரம் பாருங்க. விட்டேன்!

(தொப்.)

சரோஜா: 1.7 நொடி... 14.2 மீட்டர்... 46 அடியா?

முருகேசன்: நான்தான் சொன்னேனே!

சரோஜா: இரு இரு. ‘விட்டேன்’னு கத்திட்டு அப்புறம்தானே விட்டே? நேரத்தை நேரத்தாலயே பெருக்குறதால, 0.2 நொடி ஏமாத்தினா 3 மீட்டர் வளர்ந்துடும் மரம். இனிமே உன் வாயை நம்ப மாட்டேன், வீடியோதான். கேட் கிட்ட போய் நிக்கறேன். உன் கையும் தரையும் ஒரே படத்துல விழணும்.

(இன்னொரு காய். தொப். டீச்சர் வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துகிறார்.)

சரோஜா: கையை விட்டதுலேர்ந்து தரையைத் தொடுற வரைக்கும் 45 ஃபிரேம். நொடிக்கு 30. அப்ப 1.5 நொடி, 11 மீட்டர், 36 அடி! முதல் நொடியில 4.9 மீட்டர்தான் வந்திருக்கு, மிச்சம் 6.1 மீட்டரும் அரை நொடியில.

முருகேசன்: கீழ வரும்போது என்ன வேகம்?

சரோஜா: மணிக்கு 53 கிலோமீட்டர்.

முருகேசன்: அப்ப கேட்டாண்டையே நில்லுங்க. டீச்சர், நீங்க அளந்தது மரத்தையா, என் கையையா?

சரோஜா: புரியலையே?

முருகேசன்: கையை நல்லா கீழே தொங்கவுட்டுதான் காயை வுட்டேன். கொண்டை அதுக்கு மேல 5 அடி கீது. 36ம் 5ம் 41!

சரோஜா: (கொஞ்ச நேரம் கணக்குப் போட்டு) ஒரு ஃபிரேம் எண்ணுறதுல தப்பினாலே அரை மீட்டர் மாறும், ஒண்ணரை அடி. கழிச்சா 39 அரை. 150 தான்!

முருகேசன்: கூட்டினா 42 அரை, டீச்சர்.