வாலியும் எங்கள் கடற்கரையும்

கவிஞர் வாலியின் வெற்றிக்கு எம்.ஜி.ஆரின் ஆதரவே முழுக் காரணம் என்று அவரைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று கூறுவதை ஏற்க இயலவில்லை. 1958-இல் திரைப்படங்களுக்கு எழுதத் தொடங்கி, நெடுநாள் வாய்ப்புத் தேடி அலைந்த அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது ஜெமினி கணேசன் நடித்த 'கற்பகம்' (1963). எம்.ஜி.ஆர். மறைந்த பிறகும் கால் நூற்றாண்டு, 2013-இல் தாம் மறையும் வரை, அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

1964 தீபாவளிக்கு வந்த 'படகோட்டி'யின் பாடல்கள் அனைத்தும் அவருடையவை. காவிரிக் கரையில், திருவரங்கத்தில் வளர்ந்த ஒருவர், கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று கரையில் காத்திருக்கும் பெண்களின் துயரத்தை 'தரைமேல் பிறக்க வைத்தான்' பாடலில் அவ்வளவு எளிய சொற்களில் எழுதியது இன்றும் எனக்கு வியப்பே. அந்த டிசம்பரில்தான் புயல் தனுஷ்கோடியை அழித்தது. உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த பாம்பன், மண்டபம் பகுதிப் பெரியவர்கள் அப்பாடலை வெறும் சினிமாப் பாட்டாகக் கேட்டதில்லை.