பெயரில் ‘மனித’ என்றிருந்தாலும் ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை

அக்கா, ‘மனித ஈஜிஎஃப்’ (EGF) என்ற, செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தை மனித ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள், ஆய்வகக் குப்பியையே வாங்கித் தங்கச்சியின் முகத்தழும்புக்குத் தடவலாம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகம் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இதைத் தினமும் கையாள்கிறேன்.

மரபணு மட்டும்தான் மனிதனுடையது. அதைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அது உண்டாக்கும் 53 அமினோ அமிலப் புரதத்தைப் பிரித்துச் சுத்திகரிக்கிறார்கள். குப்பியின் அடியில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத வெள்ளைப் படலமாக ஒட்டியிருக்கும். கரைத்து, செல் வளர்ப்புத் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம்தான் சேர்ப்போம்.

லேபிளிலேயே ‘ஆய்வுக்கு மட்டும்’ என்றிருக்கும். மருந்துக்குச் செய்யும் பாதுகாப்புச் சோதனைகள் இதற்கு நடப்பதில்லை. செல்களைப் பெருகத் தூண்டும் புரதம், அக்கா! தயவுசெய்து தங்கச்சிக்குத் தடவிவிடாதீர்கள், தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.