பெயருக்கு எத்தனை டம்ளர்?

(இந்தோனேசியாவில் சுல்தான் வம்சத்து ஊரான யோக்யகர்த்தா. தேர்தல் நேரம். டீயும் சோற்றுப் பொட்டலமும் விற்கும் சாலையோர அங்ரிங்கன் வண்டி. இஞ்சி டீ கொதிக்கிறது. வண்டிக்காரம்மாவை ‘இபு’, அதாவது அம்மா, என்று கூப்பிடுகிறான் கட்சிப் பையன்.)

பையன்: இபு, இன்று இரவு எங்கள் வேட்பாளர் உங்கள் வண்டியில் டீ குடிக்க வருகிறார். கஞ்செங் ரடென் மாஸ் துமெங்கூங்...

இபு: நாலு பேரா? இரு, டம்ளர் கழுவுகிறேன்.

பையன்: ஐயோ, அது ஒரே ஆள். பட்டம் இபு, அரச வம்சப் பட்டம். அப்புறம் ஹாஜி...

இபு: அஞ்சு. ஹாஜிக்குச் சர்க்கரை போடலாமா?

பையன்: ஒருவர்தான் வருகிறார்! அவர் உடம்பில் ஓடுவது சுல்தான் இரத்தம்.

இபு: எனக்கெப்படித் தெரியும், அதைக் கொசுதான் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏழாம் சுல்தானுக்கு மட்டும் டஜன் கணக்கில் பிள்ளைகள். இந்தத் தெருவில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு ரடென் தலையில்தான் விழும்.

பையன்: ஒன்பதாம் சுல்தானும் அரசியலுக்கு வந்தவர்தானே? ஆளுநர், பாதுகாப்பு அமைச்சர், துணைப் பிரதமர், 1973இல் நாட்டுக்கே துணை அதிபர். அதே வழியில்தான் எங்கள் தலைவரும்.

இபு: அந்த வழி தெரியுமா உனக்கு? நாலு வயதிலேயே டச்சுக்காரர் வீட்டில் வளரவிட்டார்கள். அங்கே அவரை ஹெங்கி என்றுதான் கூப்பிட்டார்களாம். ஒரே டம்ளர்.

பையன்: இபு, டம்ளரை விடுங்கள்.

இபு: 1940இல் முடிசூடினார். அப்புறம் நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் ஆட்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, எங்கள் மண்ணே காய்கிறது, முதலில் இங்கே ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்று சொல்லி ஊர் ஜனத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டார். ப்ரோகோ ஆற்றுக்கும் ஓபாக் ஆற்றுக்கும் நடுவே இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது, போய்ப் பார். 1945 செப்டம்பரில் என் ராஜ்யம் இந்தோனேசியக் குடியரசோடு என்று அறிவித்துவிட்டார். அடுத்த வருடம் அதிபர் சுகர்னோவால் ஜகார்த்தாவில் இருக்க முடியவில்லை என்றதும் தலைநகரத்துக்கே இங்கே இடம் கொடுத்தார். காஜா மாடா பல்கலைக்கழகப் பிள்ளைகள் அரண்மனையில் உட்கார்ந்து படித்தார்கள். உன் ஆள் தன் வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்த விடுவாரா?

பையன்: அங்கே நிறுத்தக்கூடாது என்று போர்டு இருக்கிறது. ஆனால் இபு, அது பாதுகாப்புக்காக...

இபு: சரி, அரிசிக்காரி கதை கேட்டிருப்பாயே.

பையன்: எது?

இபு: ரோட்டில் நின்று கைகாட்டி ஜீப்பை நிறுத்தி, மூட்டையை ஏற்று என்று ஒரு பெண் அதட்டியிருக்கிறாள். ஓட்டி வந்தவர் இறங்கி ஏற்றினார், சந்தையில் இறக்கியும் வைத்தார், கூலி வேண்டாம் என்றார். கூலி போதவில்லை என்று முறுக்கிக்கொள்கிறான் இந்த டிரைவர் என்று அவள் திட்டித் தீர்த்தாளாம். வந்தது சுல்தான் என்று பிறகு யாரோ சொன்னதும் அங்கேயே மயக்கம்.

பையன்: எங்கள் தலைவரும் போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்!

இபு: யாரை?

பையன்: ...வீடியோ எடுக்கிறவரை.

இபு: அந்தப் பையனுக்கும் ஒரு டம்ளர். ஆறு.

பையன்: டம்ளர் இருக்கட்டும். இந்த பேனரை மட்டும் வண்டியில் கட்டிக்கொள்ளட்டுமா? பட்டமெல்லாம் தங்க எழுத்தில், ஐந்து மீட்டர்.

இபு: பிளாஸ்டிக்தானே? தண்ணீர் இறங்காதே?

பையன்: இறங்கவே இறங்காது!

இபு: அப்படியானால் கட்டு. போன தேர்தலில் கூரையாகக் கட்டிய ரடென் பேனர் கிழிந்து, மழையெல்லாம் அடுப்பில் சொட்டுகிறது. முகம் மட்டும் மேல்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் சாப்பிட வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே இருப்பார்கள், பொட்டலம் நகராது.